ஓட்டை வள்ளத்துக்கு ஒரு செய்தி

நான் இரண்டு வருடம் கிரிப்டோ நிபுணராக இருந்தவள். சிரிக்க வேண்டாம். ஊர்காவற்றுறையில், குசினிக்குப் பக்கத்து அறையில், ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்துகொண்டு, உலகத்து நாணயச் சந்தை எந்தப் பக்கம் போகிறது என்று வாரத்துக்கு நாலு தரம் எழுதினேன். சோறு வடிக்க எழும்பிப் போய் வந்தால், எந்தக் காயினைப் புகழ்ந்துகொண்டிருந்தேன் என்பதே மறந்துபோயிருக்கும். பழையபடி மேலே இருந்து வாசிப்பேன். என்னிடம் ஒரு காயின்கூட இருந்ததில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முன்னர் யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையின் அறிவித்தல் பகுதியில் வேலை பார்த்தேன். காலையில் பஸ் ஏறி, வேலணை தாண்டி, கடலுக்கு நடுவால் போகும் தெருவில் குலுங்கிக் குலுங்கிப் போய், மரண அறிவித்தல், நன்றி நவிலல், முப்பத்தோராம் நாள் என்று நாள் முழுக்கத் தட்டச்சு. வருகிறவர்கள் அழுதுகொண்டே பெயர்களைச் சொல்லுவார்கள். எழுதியதை நான் உரத்து வாசித்துக் காட்டுவேன். ஒரு மருமகனின் பெயர் விடுபட்டுப்போனால் போதும், அழுகை நின்று சண்டை தொடங்கிவிடும். அந்த மேசையில் இருந்த காலம் முழுக்க நான் கண்ட பொய் ஒன்றே ஒன்றுதான். ஒரு தாயாரின் வயதை மகள்மார் மூன்று பேரும் சேர்ந்து ஆறு வருடம் குறைத்துக் கொடுத்தார்கள். தங்கள் வயதும் அதோடு குறையும் என்று பார்த்திருப்பார்கள் போல.

எங்கள் தீவுப் பக்கத்துச் சனம் பத்திரிகையைப் பின்னுக்கிருந்துதான் விரிக்கும். முன்பக்கத்தில் இருப்பது அவரவர் கட்சிக்கதை. அறிவித்தல் பக்கம் அப்படியில்லை. வீட்டுக்காரர் தங்கள் பணத்தைக் கட்டி, தங்கள் பெயரைப் போட்டு, ஊருக்குச் சொல்லுகிற விசயம். அதில் செத்தார் என்று இருந்தால் செத்தவர்தான். இதை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை, எல்லோரையும் போல எனக்குள்ளும் சும்மா கிடந்தது. பிறகு எனக்கு வந்த வினையும் இதால்தான்.

முழங்கால் நோவினால் பஸ் பயணம் ஏலாமல் போனது. வேலையை விட்டு வீட்டில் இருந்தபோதுதான் கனடாவிலிருந்து ஒரு தம்பி போன் எடுத்தார். தமிழில் கிரிப்டோச் செய்தித் தளம் ஒன்று நடத்துகிறாராம். "அக்கா, நீங்கள் பிழையில்லாமல் எழுதுவீங்களாம். இங்கிலீசில அனுப்புவன், நீங்கள் தமிழில எழுதித் தந்தால் போதும்" என்றார். சந்தோசத்தில் அன்றைக்கே ஒரு கதிரை வாங்கினேன்.

முதல் மூன்று கிழமையும் செய்தி என்று நினைத்துத்தான் எழுதினேன். பிறகு ஒருநாள் பொறுக்கமுடியாமல் கேட்டேன். "தம்பி, ஏன் எல்லாக் காயினுமே நல்ல காயினா இருக்குது? ஒண்டாவது நாசமாப் போகாதோ?"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அக்கா, காயின்காரர் காசு தாறவை, நாங்கள் செய்தி போடுறம். அவ்வளவுதான் விசயம்."

ஒரு விலைப்பட்டியலும் அனுப்பினார். சாதாரணச் செய்திக்கு ஒரு விலை, முகப்பில் வருவதற்கு இன்னொரு விலை, நிபுணர் எழுதியதாக வருவதற்கு எல்லாவற்றிலும் கூடிய விலை. நிபுணர் என்பது கண்ணாடியும் கோட்டும் போட்ட, காதோரம் கொஞ்சம் நரைத்த ஒரு மனிதரின் படம். கொம்பியூட்டரில் செய்த முகம். நல்ல கண்ணியமான முகம், அதை மறுக்கமுடியாது. அந்த முகத்துக்குப் பின்னால் இருந்து எழுதியது இந்த முழங்கால் நோக்காரிதான்.

அன்றைக்கே வேலையை விட்டிருக்கவேண்டும். விடவில்லை. மாதச் சம்பளம் பிந்தாமல் வந்தது, வெயிலில் பஸ்ஸுக்கு நிற்கத் தேவையில்லை. ஆனால் ஒரு சண்டை பிடித்தேன். பத்திரிகையில் இருந்தவள் அல்லவா! "காசு வாங்கிப் போடுறதெண்டால் கீழ அதை எழுதவேணும்" என்றேன். அவர் மாட்டேன் என்றார். இரண்டு நாள் நான் ஒரு வரியும் அனுப்பவில்லை. கடைசியில் இறங்கிவந்தார். ஒவ்வொரு கட்டுரையின் கீழும், எறும்பளவு எழுத்தில், "இது கட்டணம் பெற்று வெளியிடப்பட்டது" என்ற வரி ஏறியது. எனக்கு ஒரே புளுகம், பெருமை தாங்கவில்லை. அந்த ஒற்றை வரியை நினைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் தலை நிமிர்ந்து நின்றேன்.

இப்போது வேலிக்கு அந்தப் பக்கத்து அண்ணையின் கதைக்கு வருகிறேன். பரம்பரையாகக் கடலுக்குப் போகிற குடும்பம். அவரிடம் ஒரு வள்ளமும், அந்த வள்ளத்துக்கு ஒரு எஞ்சினும் இருந்தன. எஞ்சின் என்று நான் மரியாதைக்குச் சொல்லுகிறேன். போகும்போது ஓடும், வரும்போது அதன் விருப்பம். நடுக்கடலில் நின்றுபோய், இன்னொரு வள்ளம் கட்டி இழுத்துக்கொண்டு வந்த நாட்கள் எத்தனையோ. அவர் பிந்திவிட்டால் அவருடைய மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவ, செபமாலையோடு கரைக்கும் வீட்டுக்குமாக நடப்பா. கடைசியில் பிரான்சில் இருக்கும் அண்ணையின் தங்கச்சி, புது எஞ்சின் வாங்கு என்று பணம் அனுப்புவதாகச் சொல்லியிருந்தா. சனிக்கிழமை கைக்கு வந்துவிடும் என்று இரண்டு வீடும் சந்தோசமாக இருந்தோம்.

செவ்வாய்க்கிழமை காலை அண்ணை வேலியடியில் வந்து நின்றார். கையில் போன். முகம் முழுக்கச் சிரிப்பு.

"தங்கச்சி, உம்மாலை ஒரு உதவி. இந்தக் காயின் வாங்கிறதுக்கு எனக்குப் போனில எல்லாம் செய்து தரவேணும். சனிக்கிழமை காசு வந்த உடனை போட்டிடுவன். மூண்டு மாசத்தில ரெண்டு எஞ்சின் வாங்கலாமாம்."

போனை வாங்கிப் பார்த்தேன். என்னுடைய கட்டுரை. நிபுணர் தன் கண்ணியமான முகத்தோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காயினை நடத்துகிறவர்கள் யார், எந்த ஊர் என்று எனக்கே தெரியாது. கனடாத் தம்பிக்கும் தெரியாது.

"அண்ணை, இது சரிவராது. உங்களுக்கு விசரே? உது முழுச் சுத்துமாத்து."

"நீர் வேலை செய்யிற இடத்தில வந்ததுதானே?"

"வந்ததுதான். எல்லாம் காசு வாங்கிப் போடுறது. கீழ எழுதியிருக்குப் பாருங்கோ."

"அதைப் பாத்துத்தானே நம்பினனான்!" என்றார் அண்ணை. "சும்மா ஆராவது எழுதினால் ஆர் நம்பிறது? இது காசு கட்டிப் போட்டிருக்கிறாங்கள். செத்தவீட்டு அறிவித்தலும் காசு கட்டித்தானே போடுறது? அதில பொய் வாறதோ? நீர் எத்தினை வருசம் அதிலை இருந்தனீர், உமக்குத் தெரியாததே?"

நான் இரண்டு நாள் பட்டினிப் போராட்டம் மாதிரிக் கிடந்து வாங்கிய வரி, அவருக்கு முத்திரை குத்திய உறுதிப் பத்திரமாக இருந்திருக்கிறது. அவரை ஏசவும் முடியவில்லை. நானும் அதே ஊர்தானே.

எழுதியது நான்தான் என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். வெட்கம் விடவில்லை. அதற்குப் பதிலாகக் கோபப்பட்டேன். என் சுபாவம் அது, வெட்கம் வந்தால் சத்தம் போடுவேன். "போட்டுத் தரமாட்டன், ஏலாது, போங்கோ" என்று கத்தினேன். கத்தியதைக் கேட்டு அக்கா மீன் வெட்டிய கையோடு ஓடிவந்தா.

"என்ன, நாங்கள் ஒரு படி மேல வாறது உமக்குப் பிடிக்கேல்லையோ?" என்று கேட்டா.

பத்து வருடப் பழக்கம். அவவின் குழம்பு எங்கள் வீட்டிலும் என்னுடைய புட்டு அவவின் வீட்டிலும் வேலியால் போய்வருகிற பழக்கம். அந்தக் கேள்வியில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். நான் செய்து கொடுக்காவிட்டால் சந்தையடியில் போன் கடை இருக்கிறது, ஐந்து நிமிடத்தில் செய்து கொடுத்துவிடுவார்கள். சனிக்கிழமைக்கு நாலு நாள் இருந்தது.

மத்தியானம் சோறு இறங்கவில்லை. கொஞ்சம் படுத்தேன், எழும்பினேன், வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். கரையில் அண்ணையின் வள்ளம் சரிந்து கிடந்தது. அடியில் பழைய வெடிப்பு, அதற்கு மேல் ஒட்டு, ஒட்டுக்கு மேல் இன்னொரு ஒட்டு. அப்போதுதான் அந்த யோசனை வந்தது. வந்ததும் நான் தனியே நின்று சிரித்த சிரிப்பில் பக்கத்துக் காகம் பறந்துபோனது.

தம்பிக்குப் போன் எடுத்தேன். "இஞ்சை ஒரு வாடிக்கையாளர் இருக்கிறார். நிபுணர் கட்டுரை வேணுமாம். காசை என்ரை சம்பளத்தில கழியும்."

"ஆர் அக்கா? என்ன கொம்பனி?" என்றுகூடக் கேட்கவில்லை. "காயின் ஏதும் இருக்கோ?" என்று மட்டும் கேட்டார்.

"வரப்போகுது" என்றேன்.

வள்ளத்தை நல்ல பக்கத்தால் படம் பிடித்தேன். பிறகு கதிரையில் இருந்து எழுதத் தொடங்கினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு மகிழ்ச்சியோடு எதையும் எழுதியதில்லை. வட கடலில் புதிய அலை என்று தலைப்பு. "கடல்நீரைத் தானாகவே உள்வாங்கும் நவீன அடித்தளம்" என்று ஓட்டையைப் பற்றி எழுதினேன். "நீண்ட ஓய்வு நேரங்களின் மூலம் எரிபொருளைச் சேமிக்கும் எஞ்சின்" என்று எழுதினேன். "பிற நிறுவனங்களின் கலங்களோடு கயிற்றால் இணைந்து பயணிக்கும் கூட்டுறவு முறை" என்று, இழுத்துக்கொண்டு வருவதையும் விடவில்லை. உண்மையான செய்தி போலத் தெரியவேண்டும் என்று அண்ணையின் போன் நம்பரையும் கீழே போட்டேன். அதைப் போட்டதுதான் என் மடத்தனம்.

வெள்ளிக்கிழமை காலை அது முகப்பில் வந்துவிட்டது. தம்பி ஒரு சொல்லும் மாற்றவில்லை. "முதலீட்டாளர்களின் கவனத்தை ஈர்த்துள்ளது" என்று தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்திருந்தார், அவ்வளவுதான். அதற்கும் கீழே எறும்பெழுத்தில் கட்டண வரி.

அண்ணை முற்றத்தில் வலை பொத்திக்கொண்டிருந்தார். அக்கா குசினி வாசலில். மூன்று நாளாக இரண்டு பேரும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் படலையைத் திறந்துகொண்டு நேரே போய், "அண்ணை, உங்கட நிபுணர் புதிசா ஒண்டு எழுதியிருக்கிறார். வாசியுங்கோ" என்று போனை நீட்டினேன்.

படத்தைப் பார்த்ததும் அவர் எழும்பிவிட்டார். "இஞ்சரும்! இஞ்சை ஓடிவாரும்! எங்கட வள்ளம்!" என்று மனைவியைக் கூப்பிட்டார். உரத்து வாசிக்கத் தொடங்கினார். வட கடலின் முன்னோடி என்ற இடத்தில் குரல் தழுதழுத்தது. எனக்குப் பயம் பிடித்துவிட்டது. மாதாவே, இந்த மனிசன் இதையும் நம்பப்போகுதே என்று நினைத்தேன். கடல்நீரைத் தானாகவே உள்வாங்கும் அடித்தளம் என்ற இடத்தில் கொஞ்சம் நின்றார். தலையைச் சொறிந்தார்.

"ம்... அப்பிடியும் சொல்லலாம்தானே" என்றார்.

அக்காவால் பொறுக்க முடியவில்லை. "என்னத்தைச் சொல்லலாம்? நேற்று வாளியாலை நாலு மணித்தியாலம் இறைச்சீங்களே, அந்த நவீனத்தையோ?"

அவ்வளவுதான். அண்ணை வாசித்து முடிக்கவில்லை, எஞ்சினின் ஓய்வு நேரத்தில் மூன்று பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா நிலத்தில் இருந்துவிட்டா. கயிற்றால் இணைந்து பயணிக்கும் கூட்டுறவு முறையை அண்ணை மூன்று தரம் வாசித்தார், மூன்று தரமும் நடுவில் முடியாமல் நிறுத்தினார். எனக்கு வயிறு நொந்தது. மூன்று நாள் பேசாமல் இருந்ததெல்லாம் அந்தச் சிரிப்பில் போய்விட்டது.

சிரித்து ஓய்ந்த பிறகு அவர் நிபுணரின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "அது சரி, இந்த மனிசன் எங்கட வள்ளத்தை எப்ப வந்து பாத்தவர்?"

"அந்த மனிசன் நான்தான் அண்ணை."

"என்ன?"

"நான்தான். படம் பொய். செவ்வாய்க்கிழமை நீங்கள் காட்டினதும் நான் எழுதினதுதான். இந்த வள்ளத்தைப் பற்றி எனக்குத் தெரிஞ்ச அளவுகூட அந்தக் காயினைப் பற்றித் தெரியாது."

அவர் என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார். ஏசுவார் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். "கோதாரி! இவ்வளவு நாளும் ஒரு கோட்டுப் போட்ட மனிசனுக்குப் பக்கத்து வீட்டிலயோ இருந்தனாங்கள்" என்றார். அக்கா பிறகும் சிரிக்கத் தொடங்கினா. "நாளைக்குக் காசு வந்த உடனை யாழ்ப்பாணம் போய் எஞ்சினை எடுங்கோ, வேறை கதை வேண்டாம்" என்று புருசனுக்குச் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்து, "இரும், தேத்தண்ணி கொண்டுவாறன்" என்றா. அந்தத் தேத்தண்ணி இறங்கிய சுகத்தை என்னால் எழுதமுடியாது.

பாதிக் கோப்பை குடிக்கவில்லை, அண்ணையின் போன் அடித்தது. வேலணையிலிருந்து ஒருவர். வள்ளத்தில் ஒரு பங்கு என்ன விலை என்று கேட்டார். அண்ணை முதலில் விளங்காமல் முழித்து, பிறகு என்னை முறைத்து, "ஐயா, வள்ளம் ஓட்டை" என்று வைத்தார். உடனே அடுத்த அழைப்பு. அதற்கும் "வள்ளம் ஓட்டை." மூன்றாவது ஆள் சுவிசிலிருந்து. ஓட்டை என்றாலும் பரவாயில்லை, இரண்டு பங்கு ஒதுக்கிவையுங்கோ என்று மன்றாடினார். அண்ணை சிரித்துச் சிரித்து, "அப்ப வாளி ஒண்டும் கொண்டு வாரும்!" என்று கத்தினார்.

எனக்குச் சிரிப்பு மெல்ல மெல்ல அடங்கிக்கொண்டு வந்தது. படலையடிக்குப் போய்த் தம்பிக்குப் போன் எடுத்து, உடனே கட்டுரையைத் தூக்கச் சொன்னேன். "அக்கா, தூக்கிறதுக்கும் ஒரு கட்டணம் இருக்குது" என்றார். வந்ததே எனக்குக் கோபம்! இரண்டு வருடம் அடக்கிவைத்ததெல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்தது. கடைசியில், "அந்தக் கோட்டை இனி நீரே போட்டுக்கொண்டு எழுதும்" என்று சொல்லி வேலையையும் விட்டேன். பயந்துபோய் இலவசமாகவே தூக்கிவிட்டார்.

திரும்பி வந்தபோது அண்ணை இன்னொரு அழைப்பில் இருந்தார். எல்லோரும் கேட்கிற மாதிரிச் சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தார். வயதான ஒரு பெண்ணின் குரல். நெடுந்தீவிலிருந்து கதைக்கிறாவாம். வள்ளத்தில் கொஞ்சமாகச் சேரலாமோ என்று கேட்டா. அண்ணை, இத்தனை பேருக்கும் சொன்னதைவிடப் பணிவாக, வள்ளம் ஓட்டை, எழுதினதெல்லாம் சிரிக்கிறதுக்குச் செய்த பகிடி, ஒரு சதமும் போடவேண்டாம் அம்மா என்று சொன்னார்.

போனில் காற்றடிக்கிற இரைச்சல் கேட்டது.

"அப்ப தம்பி, இந்த நிபுணர் போன மாசம் எழுதினதும் பகிடியோ? நான் மழைத்தண்ணி சேர்க்கிற தாங்கி கட்ட வைச்சிருந்த காசை எடுத்து அதிலை போட்டிட்டன்."

அண்ணை என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. போனை என் பக்கம் நீட்டினார்.

"இதுக்கு நீர்தான் கதைக்கவேணும்" என்றார்.

போனை வாங்கினேன். "அம்மா, நிபுணர் எண்டு ஒருத்தரும் இல்லை. அதை எழுதினது நான்தான். அது பகிடியில்லை, பொய்."

"நீரோ பிள்ளை?"

"ஓம் அம்மா."

ஏச்சு வரட்டும் என்று காத்திருந்தேன், வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் ரெண்டு தரம் வாசிச்சனான்" என்றா. "நல்ல வடிவாத்தான் எழுதியிருந்தீர் பிள்ளை."